ஏட்டைப் பூட்டி வைக்க யாருக்கு உரிமை?

பங்கு ஆலயத்தின் விலைமதிப்புள்ள உடைமைகள் எவை என்று வினவினால், நம்மவர் முலாம் பூசிய கதிர்ப்பாத்திரத்தைச் சுட்டுவர்; திருவிழாத் தேரைச் சுட்டுவர்; பாதுகாவலரின் பழைய சுரூபத்தைச் சுட்டுவர். பங்கு அலுவலக அலமாரியில், பூச்சி அரித்த அட்டைகளுக்கு நடுவே கிடக்கும் திருமணப் பதிவேட்டைச் சுட்டுவோர் மிகச் சிலரே. கதிர்ப்பாத்திரம் களவு போனால் வேறொன்று செய்விக்கலாம். பதிவேட்டில் ஒரு தாள் கிழிந்து போனால், அந்தத் தாளில் பெயர் எழுதப்பட்டிருந்த கணவனும் மனைவியும் தாங்கள் கணவன் மனைவி என்பதற்கு வேறெங்கு போய்ச் சான்று தேடுவர்?

இந்த ஏடு யாருடையது என்னும் கேள்வியை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறோம். ஏனெனில், திருமணச் சான்றிதழ் வேண்டிப் பங்கு அலுவலகப் படியேறுகிறவர்களைப் பல ஊர்களில் முதலில் எதிர்கொள்பவை கேள்விகளே. கோவில் வரி கட்டியாயிற்றா? திருவிழா வரியில் பாக்கி எவ்வளவு? அன்பியக் கூட்டத்திற்கு வருவதுண்டா? ஊர்ப் பொறுப்பாளரின் கடிதம் எங்கே? இவையனைத்திற்கும் விடை சொல்லி, பாக்கியையும் தீர்த்த பின்னரே ஏடு திறக்கப்படுகிறது. சில ஊர்களில் இது எழுதப்படாத வழக்கம். வேறு சில ஊர்களில் கூட்டம் கூடி நிறைவேற்றிய தீர்மானம். எழுதப்பட்டதாயினும் எழுதப்படாததாயினும், இவ்வழக்கம் நீதிக்கு முரணானது என்பதே நம் வாதம்.

முதற்கண், இந்த ஏடு எதற்காகப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். 1563ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் திரிதெந்தின் பொதுச்சங்கம் தன் 24ஆம் அமர்வில் திருமணம் பற்றிய ஆணையொன்றை வெளியிட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவில் மறைவுத் திருமணங்கள் மலிந்திருந்தன. யாரும் அறியாமல் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்து வாழ்ந்த ஆண்மகன், பின்னர் அவளைக் கைவிட்டு, ஊரறிய வேறொருத்தியை ஆலயத்தில் மணப்பான். முதல் மனைவிக்குச் சான்றில்லை. மறைவில் நடந்ததைப் பற்றித் தீர்ப்பிடத் திருச்சபைக்கும் வழியில்லை. இக்கொடுமையைத் தன் ஆணையிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட்ட அச்சங்கம், மூன்று முறை ஓலை வாசிக்க வேண்டும் என்றும், பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்றும், மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் குரு ஒரு புத்தகத்தில் எழுதிக் கவனமாகக் காக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பதிவேடுகள் அதற்கு முன்னரும் சிற்சில மறைமாவட்டங்களில் இருந்தன. திருச்சபை முழுமைக்குமான கட்டளையாக அவை உருப்பெற்றது அப்போதுதான்.

ஆகவே, கைவிடப்பட்ட பெண்ணின் கண்ணீரிலிருந்து பிறந்த ஏடு இது. வலியவன் மறுக்க முடியாதபடி எளியவளின் கையில் கொடுக்கப்பட்ட சாட்சி இது. அந்த ஏட்டையே வரி பாக்கிக்காகப் பிணையாக வைத்துக்கொள்வது, அதைப் படைத்தவர்களின் நோக்கத்தைத் தலைகீழாக்குவதாகாதா?

இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதே நெறியில்தான் செல்கிறது. திருமணம் முடிந்ததும் கூடிய விரைவில் அதைப் பதிய வேண்டியது பங்குத்தந்தையின் கடமை என்கிறது 1121ஆம் சட்டம். ஏடுகள் ஒழுங்காக எழுதப்பட்டுக் காக்கப்பட வேண்டும், பழைய ஏடுகள் தனிக் கவனத்தோடு பேணப்பட வேண்டும் என்கிறது 535ஆம் சட்டம். மறைமாவட்டச் செயலக ஆவணங்களைப் பற்றிப் பேசும் 487ஆம் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: இயல்பிலேயே பொதுவானவையும் ஒருவரின் தனிநிலையைப் பற்றியவையுமான ஆவணங்களின் நம்பத்தக்க படியை, உரியவர் நேரிலோ பிறர் வழியாகவோ பெறுவதற்கு உரிமை உண்டு என அது அறுதியிடுகிறது. உரிமை என்னும் சொல்லை நம் இறைமக்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆயர் இல்லத்து ஆவணத்திற்குப் பொருந்தும் நெறி, பங்கு அலுவலகத்து ஆவணத்திற்குப் பொருந்தாமற் போக நியாயமில்லை.

நாட்டுச் சட்டத்தின் நிலை என்ன? அமெரிக்கா போன்ற நாடுகளில் திருமணத்திற்கு முன்னரே அரசு அலுவலகம் சென்று உரிமம் பெற வேண்டும். அது கையிலிருந்தால்தான் குருவும் திருமணத்தை நிறைவேற்றலாம். நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வேறு வழியை வகுத்தது. ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்ட குரு தம் திருச்சபையின் முறைப்படி திருமணத்தை நிறைவேற்றலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கென அரசின் தனி உரிமம் அவருக்குத் தேவையில்லை. கத்தோலிக்கத் திருமணத்தை யார், எந்தப் படிவத்தில் பதிய வேண்டும் என்பதையும் ஆயரே முடிவு செய்யலாம் என்று 30ஆம் பிரிவு விட்டுவிடுகிறது. அவ்வாறு பதிந்தவற்றின் விவரத்தை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசின் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இது பெரிய நம்பிக்கை. அரசு தன் கையிலிருக்க வேண்டிய எழுதுகோலை நம் குருக்களின் கையில் கொடுத்திருக்கிறது. அந்நம்பிக்கைக்கு ஈடாக அதே சட்டம் ஒரு கடமையையும் விதித்திருக்கிறது. பதிவேட்டைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, தகுந்த வேளைகளில் அதில் தேடுவதற்கு இடமளிக்க வேண்டும். கேட்ட பதிவின் படியைத் தம் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்கிறது 79ஆம் பிரிவு. அவ்வாறு தரப்பட்ட படியை நீதிமன்றம் திருமணத்திற்குச் சான்றாக ஏற்கும் என்கிறது 80ஆம் பிரிவு. ஏட்டை வேண்டுமென்றே அழிப்பவருக்கும் பொய்ப் பதிவு செய்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு என எச்சரிக்கிறது 76ஆம் பிரிவு. உரிய கட்டணம் என்று சட்டம் சொல்வது தேடுவதற்கும் படியெடுப்பதற்குமான கட்டணத்தை. கொடிமரத்திற்கும் கோபுரத்திற்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் விதித்த தொகை அதில் அடங்காது.

இச்சட்டத்தின் முதற்பிரிவு, 1956ஆம் ஆண்டிற்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதைக் குமரி மாவட்டத்து வாசகர்கள் சுட்டிக்காட்டக்கூடும். உண்மைதான். ஆனால் திருச்சபைச் சட்டம் அங்கும் இங்கும் ஒன்றே. நீதியும் ஒன்றே.

இனி, மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். “ஆலயத்தை யார் தாங்குவது? விளக்கெரிய வேண்டாமா? உபதேசியாருக்கு ஊதியம் கொடுக்க வேண்டாமா? ஆண்டு முழுவதும் எட்டிப் பாராதவர்கள் சான்றிதழுக்கு மட்டும் வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் பாக்கியைக் கேட்க எங்களுக்குக் கிடைக்கும் ஒரே வேளை அதுதான்” என்கின்றனர் பங்குப் பொறுப்பாளர்கள். இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது இறைமக்களின் கடமை என்று 222ஆம் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. வசதியிருந்தும் கொடாதவர் குறையுடையவரே. அவரை இல்லம் தேடிச் சென்று அறிவுறுத்தலாம். கணக்கைக் காட்டி விளக்கம் சொல்லலாம்.

ஆயினும், ஒருவர் ஒரு கடமையில் தவறினார் என்பதற்காக அவருக்குரிய வேறோர் உரிமையைப் பறிக்க யாருக்கும் அதிகாரமில்லை. கடன்காரனின் ஏர்க்கலப்பையைப் பிடுங்கிக்கொண்டு போவதை நாம் அறம் என்போமா? மேலும், இவ்வழக்கத்தால் உண்மையில் துன்புறுவோர் யார்? வசதியுள்ளவர் பாக்கியை எண்ணி மேசை மீது வைத்துவிட்டுச் சான்றிதழோடு போய்விடுகிறார். அவருக்கு இது தடையே ஆகாது. தடை எளியவருக்கே. அருள்சாதனங்களுக்கான காணிக்கையைப் பற்றிப் பேசும்போதுகூட, வறுமையின் காரணமாக எவரும் அருள்சாதன உதவியை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 848ஆம் சட்டம் குருக்களை எச்சரிக்கிறது. அருள்சாதனத்தையே வறியவருக்கு மறுக்கக்கூடாது எனில், அது நிறைவேறியதற்கான சான்றை மட்டும் மறுக்கலாமோ?

அரசுப் பணியில் இருந்த கணவனை இழந்த ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியத்திற்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அவள் அலைகிறாள். கணவன் இருந்தவரை கோவில் வரி கட்டியது அவன் பொறுப்பு. இறுதி ஆண்டுகளில் நோயும் மருத்துவச் செலவுமாகக் கழிந்தன. வரி நின்று போயிற்று. இப்போது அடக்கச் செலவுக்கு வாங்கிய கடனோடு வந்து நிற்பவளிடம், நின்று போன ஆண்டுகளின் பாக்கியைக் கேட்பது எந்த நற்செய்தியின்படி?

மனைவியை ஊரில் விட்டுவிட்டு வெளியூர் போனவன், அங்கே தான் மணமாகாதவன் என்று சொல்லி வாழத் தொடங்குகிறான். பிழைப்பூதியம் கேட்டு நீதிமன்றம் செல்லும் மனைவிக்குத் திருமணச் சான்று வேண்டும். கணவன் வீட்டாரோ ஊரில் செல்வாக்குடையவர்கள். ஊர்ப் பொறுப்பாளரின் கடிதம் அவளுக்குக் கிடைக்கவில்லை. திரிதெந்தின் தந்தையர் அஞ்சிய அதே அநீதி, அவர்கள் ஏற்படுத்திய ஏட்டின் துணையோடே இங்கு அரங்கேறிவிடுகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடலோர ஊர்களைச் சூறையாடியபோது, பெட்டியில் வைத்திருந்த காகிதங்களையெல்லாம் கடலிடம் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. வீட்டுக் காகிதம் அழிந்த பின் எஞ்சும் நினைவு பங்கு ஏடுதான். அந்நினைவைக் கேட்டு வருபவனிடம் பேரம் பேசலாகாது.

ஏட்டைத் திறப்பது மட்டும் போதாது. திறந்தால் அதில் சரியாக எழுதியிருக்கவும் வேண்டும். நம் முன்னோர் பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், யாக்கோபை யாகப்பர் என்றும் அழகு தமிழில் அழைத்தனர். வேற்று நாட்டு மறைப்பணியாளர்களோ ஏடுகளை இலத்தீனில் எழுதினர். ஊருக்குச் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ், குடும்ப அட்டையில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டு என்றால், மூவரும் ஒருவரே என்று அலுவலரை நம்பவைக்க எத்தனை நடை? இன்று ஏட்டை எழுதுகிறவர்கள் மணமக்களின் பெயரை அரசு ஆவணத்தில் உள்ளபடியே எழுதி, வீட்டுப் பெயரையும் உடன் குறித்து, அவர்களிடமே படித்துக்காட்டி ஒப்பம் பெறலாகாதா? ஐந்து நிமிட உழைப்பு ஐம்பது ஆண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.

திருமணம் வேறு பங்கில் நடந்தால், திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அதை அறிவிக்க வேண்டும், அங்குள்ள திருமுழுக்கு ஏட்டில் அதைக் குறிக்க வேண்டும் என்பது 1122ஆம் சட்டம். ஒருவன் இருமுறை மணமுடிப்பதைத் தடுக்கும் வேலி இது. பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நம் இளைஞர் பரந்து வாழும் இந்நாளில், அனுப்பப்படாத ஓர் அறிவிப்பு ஒரு பெண்ணின் வாழ்வையே குலைத்துவிடும். வரிப் புத்தகத்தில் ஒரு காசு விடாமல் எழுதும் பங்குகள், இவ்வறிவிப்புகளையும் அதே கருத்தோடு அனுப்புகின்றனவா என்று பங்குப்பேரவைகள் கேட்டுப் பார்க்கட்டும். மூன்று மாதத்திற்கொரு முறை அரசுக்குச் செல்ல வேண்டிய விவரம் தவறாமல் செல்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.

அரசுப் பதிவைப் பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் தமிழகத்தில் நடைபெறும் எல்லாத் திருமணங்களும், எம்மதத்தவருடையவை ஆயினும், பதியப்பட வேண்டும். வேறு சட்டத்தின்படியோ வழக்கப்படியோ ஏற்கெனவே ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தாலும் பதிவு தேவையே. திருமண நாளிலிருந்து 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் உண்டு. குமரி முதல் சென்னை வரை இச்சட்டம் பொதுவானது.

“இறைவன் முன்னிலையில் இணைந்தவர்களுக்கு அரசாங்கக் காகிதம் எதற்கு?” என்று கேட்கும் பக்திமான்கள் இன்றும் உள்ளனர். திருமணம் அருள்சாதனம் என்பதை அரசுப் பதிவு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேரரசனின் கட்டளைக்குப் பணிந்து, நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவோடு பெயர் பதியப் பெத்லகேமுக்கு நடந்தார் சூசை. திருக்குடும்பம் அவமானமாகக் கருதாத ஒன்றை நாம் ஏன் இழிவாகக் கருத வேண்டும்? உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் சீமா எதிர் அசுவனி குமார் வழக்கில், எல்லா மதத்தவரின் திருமணங்களும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும் என்று பணித்தபோது சொன்ன காரணத்தை எண்ணிப் பாருங்கள். பதிவு மட்டுமே திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிவிடாது. ஆனால் பிள்ளைகளின் உரிமை, அவர்களை வளர்க்கும் பொறுப்பு, மணமக்களின் வயது ஆகியவற்றை மெய்ப்பிக்க அது பெருந்துணை என்றது நீதிமன்றம். 1563இல் திருச்சபை கண்ட உண்மையை 2006இல் நாட்டின் நீதிமன்றமும் கண்டது.

அரசையும் நாம் ஒன்று கேட்க வேண்டும். ஆலயத்திலிருந்து மூன்று மாதத்திற்கொரு முறை திருமண விவரத்தைப் பெறுவதற்கு 1872 முதலே சட்டம் இருக்க, அதே தம்பதியரை மீண்டும் சார்பதிவாளர் அலுவலக வாயிலில் நிறுத்துவானேன்? அன்றாடக் கூலியை இழந்து, இடைத்தரகரிடம் சிக்கி, எளியவர் ஏன் இருமுறை அலைய வேண்டும்? ஆலயம் அனுப்பும் விவரத்தையே பதிவாக ஏற்கும்படி சட்டத்தைத் திருத்தக் கோருவதற்கு நமக்கு நியாயம் உண்டு. ஆனால் அக்கோரிக்கையை எழுப்பும் தகுதி, நம் ஏடுகள் ஒழுங்காகவும் திறந்தும் இருந்தால்தான் நமக்கு வரும்.

ஏடு திறந்திருக்க வேண்டும் என்பதால், எவரும் எதையும் புரட்டிப் பார்க்கலாம் என்று நாம் வாதிடவில்லை. தத்தெடுக்கப்பட்ட பிள்ளையின் பிறப்பைத் தோண்டவும், பெண் பார்க்க வருபவர்கள் பழங்கதை தேடவும் ஏடு கருவியாகலாகாது. உரியவர், அவர்தம் பிள்ளைகள், நியாயமான தேவையுடையோர் ஆகியோருக்கு அது திறக்கட்டும். பொறுப்புள்ள கண்காணிப்போடு திறக்கட்டும். பிறரின் மானத்தைக் காக்கப் பூட்டும் பூட்டை நாம் மதிக்கிறோம். பணம் கறக்கப் பூட்டும் பூட்டையே உடைக்கச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. சான்றிதழுக்கும் வரி பாக்கிக்கும் தொடர்பில்லை என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் எழுத்தில் அறிவித்து, அவ்வறிவிப்பைப் பங்கு அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யட்டும். சான்றிதழுக்கான கட்டணத்தையும் அது கிடைக்கும் நாளையும் அதிலேயே குறிக்கட்டும். 491ஆம் சட்டம் கேட்கும் ஆவணப் பட்டியலை ஒவ்வொரு பங்கும் இரு படிகளாக ஆயத்தம் செய்து, ஒன்றை மறைமாவட்டக் காப்பகத்திற்கு அனுப்பட்டும். நைந்த ஏடுகளை ஒளிப்படமெடுத்துக் காக்கட்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் அன்பையும் பொறுமையையும் பற்றிப் பேசுவோர், சார்பதிவாளர் அலுவலகத்தைப் பற்றியும் 90 நாள் கெடுவைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசட்டும். அன்பியங்கள், புதுமணத் தம்பதியரை விருந்துக்கு அழைப்பது போலவே, பதிவுக்கும் துணைக்கு அழைத்துச் செல்லட்டும்.

பொதுநிலையினராகிய நமக்கும் கடமை உண்டு. சான்றிதழ் கேட்கப் போகும்போது கெஞ்ச வேண்டாம், சினக்கவும் வேண்டாம். திருமண நாளையும் சாட்சிகளின் பெயரையும் குறித்து எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதற்கு ஏற்பு ஒப்பம் பெறுவோம். மறுக்கப்பட்டால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்போம். அதனோடு ஆயருக்கு எழுதுவோம். பங்குப்பேரவையில் அமர்ந்திருப்பவர்கள் நம்மவரே. பாக்கிக்காக ஏட்டைப் பூட்டும் தீர்மானம் கூட்டத்திற்கு வரும்போது கையுயர்த்தாமல் இருப்பதும், எழுந்து மறுப்பதும் நம்மால் ஆகும்.

பங்குத்தந்தையர் மாறுவர், பேரவைகள் கலையும், வரிப் புத்தகங்கள் எடைக்குப் போகும். அந்த ஒரு வரியில் தம் பெயரை எழுதக் கொடுத்த ஆணும் பெண்ணும், அவர்கள் வழி வந்த பிள்ளைகளுமே அந்த ஏட்டின் உரிமையாளர்கள். குருவும் பேரவையும் அதன் காவலர்கள். உரிமையாளர் கேட்கும்போது கதவைத் திறப்பதே காவலரின் வேலை.